ஓரிடத்தார் அட்டை

பாறைவலசு நீர்வட்டத்தின் சட்டப் புத்தகத்தில் ஒரு பிழை இருந்தது. பிழை என்று சொன்னால் வட்டத்தை ஆளும் மன்றத்தார் கோபித்துக்கொள்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது கடவுளே எடுத்துக்கொடுத்த சொல். மற்ற ஊர் அணைகளெல்லாம் வற்றி, ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பாறைவலசுப் பக்கம் வரத் தொடங்கிய வருடம், யார் உள்ளூர், யார் வெளியூர் என்று பல்லை வைத்தே சொல்லிவிடலாம் என்று யாரோ மன்றத்தின் காதில் போட்டார்கள். பல்லுக்குள் ஐசோடோப்பு இருக்கிறதாம், அது பிறந்த மண்ணைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். சட்டம் எழுத உட்கார்ந்தவர் தமிழ்ப் பற்று மிக்கவர். ஐசோடோப்புக்குத் தமிழ் என்ன என்று அகராதியைப் புரட்டினார். 'ஓரிடத்தான்' என்று இருந்தது. மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஒரே இடத்தைச் சேர்ந்தவன்! இதைவிட வேறென்ன வேண்டும்? 'ஓரிடத்தார் சட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பல் தேறினால் ஓரிடத்தார் அட்டை, அட்டை இருந்தால் தண்ணீர். தேறாவிட்டால் 'வேற்றிடம்' என்று முத்திரை, முப்பது நாளில் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம்.

அந்தச் சொல் மனிதரைப் பற்றியதே அல்ல, தனிம அட்டவணையில் ஒரே கட்டத்துக்குள் வேறு வேறு எடையில் உட்கார்ந்திருக்கும் அணுக்களைப் பற்றியது என்று ஊரில் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பல் ஆய்வு நிலையத்தின் தலைவி டாக்டர் மரகதம். இன்னொருவன் அவருக்குக் கீழே பல்லைப் பொடியாக்கிக் கரைத்து இயந்திரத்தில் ஏற்றும் சென்னியப்பன். இருவருமே வாயைத் திறக்கவில்லை. வேலை கொடுத்த இடத்தில் அகராதிச் சண்டை எதற்கு என்று சென்னியப்பன் நினைத்தான். அவன் அப்படித்தான், பேச வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவன்.

சோதிக்கப்பட்டவை பிள்ளைகளின் பால் பற்கள். வெளியூர் உறவுக்காரர்களின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகள் என்று பதிந்து உள்ளே கொண்டுவருகிறார்கள் என்பது மன்றத்தின் சந்தேகம். மரபணுச் சோதனைக்கு நீதிமன்றம் தடை போட்டிருந்தது. விழுந்த பல்லுக்குத் தடை இல்லை. ஆகவே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் பல் சேகரித்தார்கள். கட்டி வந்த பெண்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் மன்ற உறுப்பினர்களே தத்தம் மனைவியரைச் சாவடிக்குக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். உள்ளூர்ப் பல் எது என்பதற்கு அளவுகோல், இந்த ஊர்ப் பாறைச் சரிவில் மேய்ந்து இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பன்னிரண்டு ஆடுகளின் பற்கள். ஆட்டோடு ஒத்துப்போகிறவன் ஊர்க்காரன். இதைச் சொல்லி ஊரில் ஒருவரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

பல் வரும் டப்பாவில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. முடிவு மன்றத்துக்குப் போகும், அங்கே எண்ணைப் பெயராக்குவார்கள். எந்தப் பிள்ளையின் பல் என்று தெரியாமல் வேலை செய்வதுதான் நேர்மை என்று சென்னியப்பன் நம்பினான். அறுபத்தொரு குடும்பங்கள் அவன் கையால் 'வேற்றிடம்' ஆகியிருந்தன. அதில் ஒன்று லாரிப் பட்டறை குழந்தைவேலுவின் குடும்பம். சென்னியப்பனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவனுடைய மூத்த பையன் முகிலுக்குத்தான் பல் தேறவில்லை. செய்தி தெரிந்தபோது சென்னியப்பனுக்கு வந்தது இரக்கம் அல்ல, ஆத்திரம். இத்தனை வருஷம் பழகியும், எவன் பிள்ளையையோ கொண்டுவந்து தன் பிள்ளை என்று சொல்லி என்னிடமே மறைத்துவிட்டானே!

அந்தச் சென்னியப்பனின் மேசைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண் போட்ட டப்பா வந்தது. திறந்ததும் தெரிந்துவிட்டது. மேல் முன்பல், இடது ஓரம் சில்லு பெயர்ந்தது. எவர்சில்வர் டம்ளரைக் கடித்துக்கொண்டே படியில் விழுந்த பல். போன வாரம் நூல் கட்டி அவனே பிடுங்கிய பல். அவன் மகள் இதழினியின் பல்.

பரவாயில்லை, தேறப்போகிற பல்தானே என்று ஏற்றினான். இயந்திரம் அரைமணி நேரம் முனகிவிட்டு எண்ணைக் காட்டியது. ஆடுகள் எல்லாம் பூஜ்யம் புள்ளி ஏழு இரண்டு எட்டில் நிற்கும். இதழினி பூஜ்யம் புள்ளி ஏழு பூஜ்யம் ஒன்பதில் நின்றாள்.

"மெசினு சுத்தம் பண்ணோணுங்க மேடம், நானூத்திப் பன்னண்ட நாளானிக்கு ஓட்டறனுங்க" என்று டாக்டர் மரகதத்திடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். வழி முழுக்க எதிரே வந்தவர்கள் எல்லாரும் தன்னையே உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது.

இயந்திரத்தைச் சந்தேகிப்பது அவனுக்குத் தெரியாத வித்தை. ஏழு வருடமாக அது பொய் சொன்னதில்லை. ஆகவே மனிதர்களைச் சந்தேகித்தான். பள்ளிக்கூடத்தில் டப்பா மாறியிருக்குமோ? ஆனால் பல் அவன் மகளுடையதுதானே, அவன் கண்ணாலேயே பார்த்தானே. அப்படியானால் ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறியிருக்க வேண்டும். சாப்பாட்டின்போது மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு யாருடையது? காது? நான்கு வயது மகன் தம்பிக்குட்டி அப்படியே அவனை உரித்து வைத்திருந்தான். இதழினி யார் சாயல் என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவளுக்குப் பிடித்த அப்பளத்தை எடுத்து வைக்கக்கூடக் கை வரவில்லை. பிள்ளை தானாகவே எட்டி எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை மொட்டை மாடியில் முழங்காலிட்டுத் தேடிக்கொண்டிருந்தான். போன மாதம் இதழினிக்கு விழுந்த முதல் பல்லை, வழக்கப்படி மேலே வீசி எறிந்திருந்தார்கள்.

"ஏனுங்க, என்ன தேடறீங்க?" மாடிப்படியில் மனைவி தமயந்தி நின்றிருந்தாள்.

"தொட்டி மூடி பாக்கறன்."

"தொட்டி அக்கட்ட இருக்குதுங்க."

"அக்கட்டயும் பாப்பன்."

அவள் கீழே போனாள். சூரியத் தகட்டின் காலடியில் பல் கிடைத்தது. நிலையத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் யாரும் இல்லாதபோது ஓட்டினான். அதே ஏழு பூஜ்யம் ஒன்பது. இப்போது சந்தேகம் பிள்ளையைத் தாண்டி, பெற்றவளிடம் போய் நின்றது. அந்த எண் அவள் பிறந்த ஊர்ப்பக்கத்து எண். அரியலூர்ப் பக்கம் ஓடைநத்தம், சுண்ணாம்புக்கல் பூமி. அவள் அண்ணனுக்கும் ஒரு பெண் பிள்ளை இருந்ததே, பிறந்ததும் போய்விட்டது என்று சொன்னார்களே, நிஜமாகவே போனதா? தன் பிள்ளை போய், அந்தப் பிள்ளையை இவன் கையில் கொடுத்துவிட்டார்களா? மனிதன் எங்கெல்லாம் போகிறான் பாருங்கள்.

சாயங்காலம் பிள்ளைகள் விளையாடப் போனதும் மெதுவாக ஆரம்பித்தான்.

"தமயந்தி, இதழு பொறந்த ஆஸ்பத்திரில அன்னிக்கு எத்தன கொழந்தைங்க பொறந்துச்சு?"

முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள். "எதுக்குங்க?"

"சும்மாதான். உங்கண்ணன் கொழந்த எந்த மாசம் தவறுச்சு?"

எட்டு வருடத்தில் அவள் பேச்சில் கொங்குநாட்டு 'ஏனுங்க' நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. கோபம் வந்தால் மட்டும் உதிர்ந்துவிடும். இப்போது உதிர்ந்தது.

"நேத்துலேர்ந்து பாக்குறேன். அந்தப் புள்ளைய திருடன பாக்குற மாதிரி பாக்குறீங்க. மாடில போயி பல்லு பொறுக்குறீங்க. இப்ப எங்க அண்ணன் வீட்டு எழவக் கேக்குறீங்க. என்னான்னு நேரா சொல்லுங்க."

சொன்னான். எண்ணையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க. பல்லுக்கு எப்படி ஊரு தெரியும்?"

இதைக் கேட்டால் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிடும். "ஒரே மாடல் லாரி ரெண்டுனு வெச்சுக்க. பேரு ஒண்ணு, பெயிண்டு ஒண்ணு, ஓடற ரூட்டும் ஒண்ணு. ஒண்ணுல மட்டும் ஒரு மூட்ட கூட. நின்னா வித்தியாசம் தெரியாது. மலைப்பாதைல கொண்டையூசி வளைவுல திரும்பறப்ப, கூட லோடு இருக்கற வண்டி கொஞ்சம் வெளிய தள்ளும். எங்க மெசினு அந்த வளைவுதான். ஸ்ட்ரான்சியம்னு ஒரு பொருளு. அதுல எம்பத்தாறுனு ஒரு எடை, எம்பத்தேழுனு ஒரு எடை. நம்மூருப் பாறை ரொம்பப் பழசு, அதுல எம்பத்தேழு கூட இருக்கும். உங்கூரு ஒரு காலத்துல கடலு, அங்க கொறைவு. தண்ணி வழியா, கீரை வழியா வந்து பல்லுல உக்காந்துக்கும். உக்காந்துட்டா அப்பறம் மாறாது."

"அப்ப ரெண்டுக்கும் குணம் ஒண்ணா?"

"ஒண்ணேதான். எடைதான் வேற. அட்டவணைல ஒரே எடம். அதனாலதான் ஓரிடத்தான்னு பேரே."

"சரி. முன்பல்லு எப்ப உண்டாவுது?"

"வயித்துல நாலாம் மாசம் லேசா ஆரம்பிக்கும், பெரும்பங்கு கடைசி ரெண்டு மாசத்துலதான், பொறந்து மூணு மாசத்துல முடிஞ்சிரும்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"வளைகாப்பு போட்டு ஏழாம் மாசம் என்னைக் கார்ல கொண்டுபோயி ஓடைநத்தத்துல விட்டது யாரு? தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான்னு உங்க வீட்டுலதான சொன்னாங்க? பொறந்து அஞ்சாம் மாசம் வரைக்கும் நான் குடிச்சது எங்க ஊரு கெணத்துத் தண்ணி. நீங்க ரெண்டு தடவ வந்தீங்க. ஒரு தடவ நாலு மணி நேரம், இன்னொரு தடவ பேரு வைக்க. தம்பி இங்கயே பொறந்தான், அவன் பல்லு விழட்டும், ஆட்டுப் பல்லாட்டம் இருக்கும்."

ஏழு வருடமாகப் பல்லைக் கரைத்தவன், பல் எந்த மாதம் உருவாகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன், அந்த மாதங்களில் தன் பிள்ளை எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்குத் தலைப்பிரசவம் என்பது வேறு ஊரில் நடந்து முடிந்து, போனில் வந்த ஒரு நல்ல செய்தி. வெட்கத்தில் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு குழந்தைவேலுவின் ஞாபகம் வந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது. முகிலின் விசாரணையில் குழந்தைவேலுவின் மனைவி அழுதுகொண்டே சொன்னாள்: "அவன் எங்கம்மா ஊட்ல பொறந்தானுங்க." 'வெளியூரில் பிறந்ததைத் தாயே ஒப்புக்கொண்டார்' என்று மன்றம் எழுதிக்கொண்டது. சென்னியப்பன் அதைப் படித்துவிட்டு, நல்லவேளை ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தான்.

"என்ன மன்னிச்சுரு" என்றான்.

"அத அப்பறம் பாக்கலாம். அந்த அறுவத்தொரு புள்ளைங்கள்ல எத்தன பேரு தலச்சன்?"

அவனுக்குத் தெரியாது. எண்தானே வரும்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக டாக்டர் மரகதத்தின் அறைக் கதவைத் தட்டினான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானூத்திப் பன்னண்டு உங்க பொண்ணா?"

"ஆமாங்க மேடம்."

"உக்காருங்க சென்னியப்பன். எனக்கு இது மூணு மாசமாத் தெரியும்."

அவன் உட்காரவில்லை.

"பல்ல வரிவரியாப் பாத்தா தெரிஞ்சிரும். ஆரம்ப வரி நம்மூரு, பொறந்தப்ப பல்லுல விழற கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியும் பின்னாடியும் வேற ஊரு. எல்லாப் பல்லுலயும் அதே மாதிரி. கடத்திட்டு வந்த பிள்ளைனா அப்படி இருக்காது. எல்லாமே தலைப்பிரசவம்."

"அப்பறம் ஏனுங்க மேடம் சொல்லுல?"

"சொன்னா போனவங்க எல்லாம் திரும்பி வருவாங்க. அணைல இருக்கறது இப்ப இருக்கறவங்களுக்கே மட்டுமட்டாத்தான் வரும். யாரையாச்சும் வெளிய அனுப்பித்தான் ஆகணும்னா, ஏதாவது ஒரு கோடு வேணும். இந்தக் கோட்டுல சாதி இல்ல, கட்சி இல்ல. இதவிட நியாயமான கோடு எங்க இருக்கு, சொல்லுங்க?" குரலில் கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் சென்னியப்பனைப் பயமுறுத்தியது. அவர் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் நகர்த்தினார். "நானூத்திப் பன்னண்டுக்கு நானே கையெழுத்துப் போடறேன். புள்ளி ஏழு ரெண்டு எட்டு. அட்டை இன்னிக்கே வந்துடும். நீங்க மெசினச் சுத்தம் பண்ணுங்க."

மறுத்திருக்க வேண்டும். கதையில் வருகிற நல்லவர்கள் அந்த இடத்தில் தாளைக் கிழித்துப்போடுவார்கள். சென்னியப்பன் மகளின் சில்லுப் பல்லை நினைத்தான், சாவடிக்கு அப்பால் இருக்கும் தகரக் கொட்டகைகளை நினைத்தான், தொண்டையைச் செருமினான். மூன்று மணிக்கு இதழினியின் ஓரிடத்தார் அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது.

வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. கூடம் நிறையப் பெண்கள். நடுவில் தமயந்தி, மடியில் இதழினியின் கணக்கு நோட்டு. காலையில் தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்திருக்கிறாள். ஒருத்தியிடம் ஒரே கேள்வி: உனக்குத் தலைப்பிரசவம் எங்கே? அவள் இன்னொருத்தியைக் கூப்பிட, அவள் ஊரை விட்டுப் போனவர்களுக்குப் போன் போட, அறிவியல் நிலையம் ஏழு வருடமாகக் கேட்காத கேள்விக்கு மத்தியானத்துக்குள் ஊரே பதில் சொல்லிவிட்டது. நோட்டில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். பிள்ளை, எத்தனாவது, எந்த ஊரில் பிறந்தது, பல் முடிவு. வெளியூரில் பிறந்த தலைச்சன் பிள்ளைகள் அறுபத்தொரு பேர், அத்தனையும் 'வெளி'. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் அத்தனையும் 'உள்'. குழந்தைவேலுவின் முகில் பதினேழாவது வரியில் இருந்தான்.

"வாங்க அண்ணா" என்றாள் எதிர்வீட்டு சுகந்தி. அவள் மகனுக்கு வரும் திங்கட்கிழமை விசாரணை. "நாளைக்கு மன்றத்துல இந்த நோட்டக் குடுக்கறமுங்க. ஒண்ணுகூடத் தப்பாம அத்தனையும் ஒரே மாதிரி இருக்குது. இனி யாரும் நம்ம புள்ளைகளக் கடத்திட்டு வந்ததுன்னு சொல்ல முடியாதுங்க."

"ஒண்ணு மட்டும் பாக்கி" என்றாள் இன்னொருத்தி. "உங்க பொண்ணுது."

"அதும் வெளியாத்தான இருக்கும்?" என்றாள் சுகந்தி. பிறகு அவள் பார்வை அவன் முகத்தில் நின்றது. சந்தேகப்பட்டுப் பழகிய ஊர் அல்லவா, அவளுக்கும் அது வந்துவிட்டது. "இல்லீங்களா? மெசினு ஓட்டறவரு ஊட்டுப் புள்ளைக்கு மட்டும் உள்ளூர்ப் பல்லுனு வந்துச்சுனு வெய்யுங்க, மன்றத்துல ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. பாருங்க, அதே அம்மா ஊட்ல பொறந்த இந்தப் புள்ளைக்குத் தேறியிருக்குதே, உங்க புள்ளைகளுக்கு ஏன் தேறுலன்னு. நோட்டே குப்பைக்குப் போயிரும்."

தமயந்தி நோட்டின் கடைசி வரியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நம்ம பொண்ணு முடிவு வந்துருச்சாங்க?"

அட்டை சட்டைப் பையில் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காட்டினால் இதழினிக்கு இந்த வீடு, இந்தப் பள்ளிக்கூடம், குழாயில் தண்ணீர். காட்டாமல் உண்மையைச் சொன்னால், மன்றம் நோட்டை நம்பினால் உண்டு, நம்பாவிட்டால் முப்பது நாளில் அவளும் தகரக் கொட்டகைக்கு. உள்ளறையிலிருந்து இதழினி தம்பிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பல் போன இடத்தில் காற்று போய் 'ச' எல்லாம் விசிலாக வந்தது. இரண்டு நாள் இந்தப் பிள்ளையின் காதையும் மூக்கையும் அளந்து பார்த்தோமே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

தொண்டையைச் செருமவில்லை.

"வெளி" என்றான். "பாயிண்ட் ஏழு சைபர் ஒம்போது. ரெண்டு பல்லு ஓட்டுனன், ரெண்டும் அதேதான். இதையும் எழுதிக்குங்க: உள்ளூர்னு ஒரு அட்டை குடுத்தாங்க, அது பொய்." பையிலிருந்து அட்டையை எடுத்து நோட்டின் மேல் வைத்தான். "நாளைக்கு மன்றத்துல நானே வந்து சொல்றன். மேடத்துக்கு மூணு மாசமாத் தெரியும்ங்கறதையும் சொல்றன்."

சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒருத்தி பேனாவை நீட்டினாள். தமயந்தி வாங்கவில்லை.

பிறகு கடைசி வரியின் மேலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். 'இதழினி, தலச்சன், ஓடைநத்தம், வெளி' என்று அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது. காலையிலேயே எழுதியது போலிருக்கிறது, மை நன்றாகக் காய்ந்திருந்தது.